ஜனவரி அரை மாரத்தானுக்கு இப்போதே பதிவு செய்யலாமா?

அடையாறு_காலை | 28 ஆகஸ்ட் 2021

சென்னையில் வரும் ஜனவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் அரை மாரத்தானுக்கு இந்த வாரம் பதிவு தொடங்கியிருக்கிறது. செப்டம்பர் இறுதிக்குள் பதிவு செய்பவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. கொரோனாவால் மூடியிருந்த கடற்கரைகளைக் கடந்த 23ஆம் தேதி முதல் மீண்டும் திறந்துவிட்டதால் எங்கள் குழுவில் பாதிப் பேர் அன்று மாலையே பணம் கட்டிவிட்டார்கள். மீதிப் பாதியில் நானும் ஒருவன்.

விதிமுறைகளை முழுவதும் படித்தேன். செலுத்திய கட்டணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்பட மாட்டாது. அரசு அனுமதி கிடைக்காவிட்டால் பதிவு தானாகவே மெய்நிகர் ஓட்டமாக (அவரவர் ஊரில் தனியாக ஓடிச் செயலியில் பதிவது) மாற்றப்படும், சட்டையும் பதக்கமும் அஞ்சலில் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். ஓடுபவருக்கே அந்த வாரத்தில் தொற்று ஏற்பட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

எனக்குக் கோவிஷீல்டு முதல் தவணை முடிந்துவிட்டது. 84 நாள் இடைவெளிக்குப் பிறகு இரண்டாவது தவணை அக்டோபரில் வரும். வீட்டில் நீரிழிவு உள்ள தந்தையார் இருக்கிறார். அவருக்கு இரண்டு தவணைகளும் முடிந்திருந்தாலும், மே மாதத்தில் தெருவில் பார்த்தவை எங்கள் யாருக்கும் மறக்கவில்லை. பந்தயம் நடக்குமா நடக்காதா என்று சோதிடம் கேட்க நான் இந்த இழையைத் தொடங்கவில்லை. நடக்கும் என்றே வைத்துக்கொண்டால், பதிவு செய்வது சரியா என்பதே என் கேள்வி.

---

நொய்யல்கரை | 28 ஆகஸ்ட் 2021

தயங்காமல் பதிவு செய்யுங்கள் என்பதே என் கருத்து. நாள் குறிக்காமல் யாரும் பயிற்சி எடுப்பதில்லை. கோவையில் எங்களோடு ஓடிக்கொண்டிருந்தவர்களில் பலர் பந்தயங்கள் நின்றுபோன ஒன்றரை ஆண்டுகளில் ஓட்டத்தையே விட்டுவிட்டார்கள். எடை கூடியவர்களும் உண்டு, இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியவர்களும் உண்டு. அதுவும் உடல்நலக் கேடுதானே? தொற்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது நியாயமாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பந்தயத்தை நம்பிப் பந்தல் போடுபவர், ஒலிபெருக்கி வைப்பவர், பதக்கம் வார்ப்பவர், சட்டை தைத்துத் தருபவர் என்று திருப்பூர் வரைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் நடத்துபவர்கள் கையில் முதல் இருக்காது, பந்தயமும் இருக்காது.

---

வைகை_மருத்துவர் | 29 ஆகஸ்ட் 2021

நான் மதுரையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். மெதுவாகத்தான் என்றாலும் நானும் நீண்ட தொலைவு ஓடுபவன். இந்த விவாதத்தில் ‘ஓட்டம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல நிகழ்ச்சிகளைக் கலந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

திறந்த வெளியில், காற்று வீசும் கடற்கரைச் சாலையில், ஒருவரை ஒருவர் சில நொடிகளில் கடந்து ஓடும்போது தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. பந்தய நாளின் ஆபத்து ஓட்டத்துக்கு வெளியில்தான் பெரும்பாலும் இருக்கிறது. முந்தைய நாள், சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்ணை வாங்குவதற்காகக் குளிரூட்டிய மண்டபத்தில் நிற்கும் வரிசை, விடியற்காலையில் நால்வராகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்லும் கார், தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் அரை மணி நேரம் தோளோடு தோள் உரசிக்கொண்டு பாட்டுக்குக் கைதட்டும் கூட்டம், தற்காலிகக் கழிப்பறைகள் ஆகியவற்றோடு, எல்லாம் முடிந்த பிறகு குழுவாகச் சென்று முகக்கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் பொங்கலும் வடையும் சாப்பிடும் உணவகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 21.1 கிலோமீட்டர் ஓடுவதைக் காட்டிலும் அந்தக் காலைச் சிற்றுண்டியை நினைத்தே நான் அஞ்சுகிறேன். இவற்றில் பாதியை ஓடுபவரே தவிர்த்துக்கொள்ளலாம். மீதியை நடத்துபவர் மட்டுமே மாற்ற முடியும்.

தொற்று வந்து குணமானவர்கள் உடனே பயிற்சியில் இறங்குவது இன்னொரு கவலை. பிரித்தானிய விளையாட்டு மருத்துவர்கள் சென்ற ஆண்டு வகுத்த வழிகாட்டுதலின்படி, அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது 10 நாள் ஓய்வு வேண்டும். அதில் கடைசி 7 நாளாவது அறிகுறியும் மருந்தும் இல்லாமல் கழிந்திருக்க வேண்டும். அதன் பிறகும் நடையில் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். இதயத் தசையில் அழற்சி இருக்கும்போது கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதே இதற்குக் காரணம். மார்பு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தால் இதயப் பரிசோதனை செய்யாமல் ஓடக் கூடாது. பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காக இந்த நாள்களைச் சுருக்கிக்கொள்பவர்களை நான் என் மருத்துவமனையிலேயே பார்த்திருக்கிறேன்.

---

தேம்ஸ்_தமிழன் | 29 ஆகஸ்ட் 2021

இலண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். சென்ற ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, நாடு ஊரடங்குக்குச் செல்வதற்குச் சில நாள்களே இருந்தபோது, பாத் நகர அரை மாரத்தானைக் கண்டனங்களையும் மீறி நடத்தினார்கள். அதற்கு நேர்மாறாக, ஏப்ரல் 26இல் நடக்க வேண்டிய இலண்டன் மாரத்தான் அக்டோபர் 4க்குத் தள்ளிப்போய், கடைசியில் முன்னணி வீரர்கள் மட்டும் புனித ஜேம்ஸ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயமாகச் சுருங்கியது. மழையில், பார்வையாளர் யாரும் இல்லாமல், ஷுரா கிடாட்டா வென்றார். எங்களைப் போன்றவர்கள் அதே நாளில் அவரவர் தெருவில் கைப்பேசிச் செயலியின் கணக்கில் ஓடினோம்.

இந்த ஆண்டு அக்டோபர் 3இல் பெருந்திரளோடு நடத்தவிருக்கிறார்கள். ஓட்ட எண்ணை வாங்கும்போது விரைவுப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று காட்ட வேண்டும். தொடக்கம் அலை அலையாக, அதாவது குழு குழுவாக நேர இடைவெளி விட்டு இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பூங்காக்களில் நடக்கும் ‘பார்க்ரன்’ 5 கிலோமீட்டர் ஓட்டமும் ஜூலை 24 முதல் இங்கிலாந்தில் திரும்பிவிட்டது. ஆனால் இங்கே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் விகிதம் வேறு. உங்கள் ஊர் நிலைமையை இதைக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை | 30 ஆகஸ்ட் 2021

மருத்துவர் ஐயா இறுதியில் சொன்னதைத்தான் நான் முதலில் வைப்பேன். பதிவு செய்யலாமா என்ற கேள்விக்கு விடை நோய்ப் பரவல் வரைபடத்தில் இருப்பதைவிட, விதிமுறைப் பக்கத்தில்தான் அதிகமாக இருக்கிறது.

பெரிய பந்தயங்கள் இதை எப்படிக் கையாண்டன என்று பாருங்கள். டோக்கியோ மாரத்தானை 2020 மார்ச் 1ஆம் தேதி முன்னணி வீரர்களுக்கு மட்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன்பு சுருக்கியபோது, ஏறத்தாழ 38,000 பேர் வெளியே நின்றார்கள். உள்நாட்டினர் கட்டிய 16,200 யென் திருப்பித் தரப்படவில்லை. அடுத்த முறைக்கு இடம் உண்டு, ஆனால் கட்டணத்தை மீண்டும் கட்ட வேண்டும் என்றார்கள். பாஸ்டனோ ஏப்ரல் 20இலிருந்து செப்டம்பர் 14க்குத் தள்ளிவைத்து, மே மாத இறுதியில் முழுவதுமாக இரத்து செய்தபோது, பதிவு செய்த அனைவருக்கும் கட்டணத்தைத் திருப்பித் தந்தது. நியூயார்க் பணத்தைத் திரும்பப் பெறுவது அல்லது அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒன்றில் இடத்தை உறுதி செய்துகொள்வது என இரண்டு வழிகளைக் கொடுத்தது. பாரிஸ் மாரத்தான் ஏப்ரலிலிருந்து அக்டோபருக்கும், அங்கிருந்து நவம்பருக்கும் நகர்ந்து, பின் அந்த ஆண்டே இல்லை என்று ஆனது.

இவையெல்லாம் நடத்துபவர் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியவை. நம் ஊர் விதிமுறைகளில் அதற்காவது ஒரு வரி இருக்கிறது. ஆனால் பந்தயம் நடக்கிறது, எனக்குக் காய்ச்சல் என்றால்? பணமும் போய், மூன்று மாத உழைப்பும் போய், அடுத்த ஆண்டுக்கு இடமும் இல்லை என்றால், தொண்டைக் கரகரப்பை ‘பனிக்காலச் சளி’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு தொடக்கக் கோட்டில் நிற்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு விதிமுறை நோயாளியை வீட்டில் இருத்துகிறதா, கூட்டத்துக்குள் தள்ளுகிறதா என்பதைப் பார்த்தே நான் பதிவு செய்வேன். கட்டணத்தை இழப்பது எனக்குப் பெரிய செய்தியன்று. எனக்குப் பக்கத்தில் நிற்பவர் கட்டணத்தை இழக்க மனமில்லாமல் வந்திருக்கிறாரா என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

---

நொய்யல்கரை | 30 ஆகஸ்ட் 2021

நல்ல வாதம். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்காக ஒருவர் காய்ச்சலோடு ஓடுவார் என்பது சற்று மிகையாகத் தெரிகிறது.

---

வைகை_மருத்துவர் | 30 ஆகஸ்ட் 2021

மிகையன்று. பெருந்தொற்றுக்கு முன்பே, காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு மாரத்தான் ஓடியவர்களை நாம் ‘விடாமுயற்சி’ என்று பாராட்டிக்கொண்டிருந்தோம். பணத்தோடு அந்தப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

---

பொருநை_ஓட்டக்காரி | 31 ஆகஸ்ட் 2021

மெய்நிகர் ஓட்டத்தைப் பற்றி எல்லோரும் போகிற போக்கில் பேசுவதால் எழுதுகிறேன். அரசு அனுமதி கிடைக்காவிட்டால் அவரவர் ஊரில் ஓடிக்கொள்ளலாம் என்பது ஆண்களுக்கு ஓரளவு ஈடாக இருக்கலாம். திருநெல்வேலியில் விடியற்காலை நான்கரை மணிக்கு ஒரு பெண் தனியாக 21 கிலோமீட்டர் ஓடுவது எப்படி என்பதை அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். தெரு நாய்கள் ஒரு பக்கம். இரு சக்கர வாகனத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் பின்தொடர்பவர்கள் இன்னொரு பக்கம். கல்லூரி மைதானங்கள் ஊரடங்கில் பூட்டப்பட்டதால் நான் பல மாதங்கள் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி ஓடினேன். தொலைவை அளக்கும் ஜி.பி.எஸ். கடிகாரத்துக்குத் திசையே குழம்பிப்போனது தனிக் கதை.

பந்தய நாள் ஒன்றில்தான் சாலை எனக்கு உரியதாகிறது. காவலர் நிற்கிறார், வாகனம் இல்லை, கழிப்பறை இருக்கிறது, மருத்துவ உதவி இருக்கிறது. முன்னும் பின்னும் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ‘ஓடத்தானே வேண்டும், எங்கே ஓடினால் என்ன’ என்று கேட்பவர்கள் இதையும் எடைபோட வேண்டும். ஆகவே எனக்கு மெய்நிகர் ஓட்டம் மாற்றாகாது. அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துத் தந்தால் போதும்; அஞ்சலில் பதக்கம் வேண்டாம்.

இதற்காகவே நான் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனால் சென்னைக்கு இரவு இரயிலில் வர வேண்டும், அத்தை வீட்டில் தங்க வேண்டும். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அங்கேதான் என் தயக்கம்.

---

அடையாறு_காலை | 1 செப்டம்பர் 2021

சகோதரி சொன்னதை நான் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் குழுவில் மெய்நிகர் ஓட்டத்துக்கு நல்ல பெயர் உண்டு. கலைஞர் நினைவு மாரத்தான் சென்ற ஆண்டு மெய்நிகர் முறையில் தொடங்கியபோது பலர் கலந்துகொண்டார்கள். இப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அவர்களே நீண்ட தொலைவு ஓடுபவர் என்பதால், நம்மைப் போன்றவர்களின் ஆசை அரசுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆசை தெரிந்தவர் என்பதால் அனுமதி எளிதாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; கூட்டம் கூடினால் முதல் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள்.

இந்தியாவிலேயே இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. தில்லி அரை மாரத்தான் சென்ற ஆண்டு நவம்பர் 29இல் நடந்தது. ஆனால் சாலையில் முன்னணி வீரர்கள் மட்டும் ஓடினார்கள், மற்றவர்கள் செயலியில் ஓடினார்கள். எத்தியோப்பியாவின் அம்தேவொர்க் வலெலென் 58 நிமிடம் 53 நொடியிலும், பெண்களில் யாலெம்செர்ஃப் யெஹுவாலவ் 64 நிமிடம் 46 நொடியிலும் முடித்தார்கள். மும்பை மாரத்தானோ இந்த ஜனவரியில் நடக்கவில்லை. மே 30க்கு என்று நாள் குறித்தார்கள், அதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. பொதுமக்கள் பெருந்திரளாக ஓடிய பெரிய பந்தயம் 2020 மார்ச்சுக்குப் பிறகு நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே ஜனவரியில் முதல் சோதனைக் கூட்டமாக நாம் இருப்போம்.

---

ஒருங்கிணைப்புத்_தொண்டர் | 2 செப்டம்பர் 2021

நான் சில பந்தயங்களில் தன்னார்வலராக நடத்துபவர்களோடு வேலை செய்திருக்கிறேன். இந்தப் பந்தயத்தில் எனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. நடத்துபவர் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பதிவுக் கட்டணம் பந்தய நாளில் செலவாவதில்லை. அதற்கு நெடு நாள் முன்பே செலவாகிவிடுகிறது. பதக்கத்துக்கும் சட்டைக்கும் ஆர்டர் கொடுக்கும்போதே பெரும்பகுதி முன்பணம் கட்ட வேண்டும். ஓடுபவரின் நேரத்தைப் பதியும் மின்னணுச் சில்லைத் தரும் நிறுவனம், அவசர ஊர்தி, தடுப்புக் கம்பிகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்பந்தம். விளம்பரதாரர் பணம் கைக்கு வருவது பெரும்பாலும் பந்தயம் முடிந்த பிறகு. ஆகவே ‘கேட்டவர்க்கெல்லாம் பணம் திருப்பித் தருகிறோம்’ என்று எழுதினால், ஒரு செய்தித் தலைப்பு வந்த மறுநாளே பாதிப் பேர் திரும்பக் கேட்பார்கள். சிறிய அமைப்பு அதோடு முடிந்துவிடும். பாஸ்டனும் நியூயார்க்கும் செய்ததைப் பல்லாண்டு சேமிப்பு இல்லாத அமைப்பால் செய்ய முடியாது.

ஆனால் தள்ளிவைப்பு வேறு. தொற்று உறுதியான அறிக்கையைக் காட்டுபவருக்கு அடுத்த ஆண்டு இடம் தருவதில் நடத்துபவருக்குக் கைப்பணம் போவதில்லை. அடுத்த ஆண்டு ஓர் இடம்தான் குறைகிறது. அன்றைய சட்டையையும் பதக்கத்தையும் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அந்த இழப்பும் பெருமளவு ஈடாகும். கேட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தொடக்கக் கூட்டத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதற்கு ஒரு வழி இருக்கிறது. வரும் அக்டோபர் 11இல் நடக்கவிருக்கும் பாஸ்டன் மாரத்தானில் வழக்கமான 30,000க்குப் பதில் 20,000 பேரை மட்டும் அனுமதிக்கிறார்கள். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் கூண்டுகளில் நிறுத்திவைப்பதை விட்டுவிட்டு, பேருந்திலிருந்து இறங்கியவர் நேராக நடந்து வந்து ஓடத் தொடங்கும் முறையை வைத்திருக்கிறார்கள். சில்லு நேரம் எப்படியும் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது. துப்பாக்கி ஒலிக்காக எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டிய தேவை முதல் வரிசைக்கு மட்டுமே உண்டு. சென்னையில் இதற்கு ஒரே தடை வெயில். கடைசி அலை ஏழு மணிக்குத் தொடங்கினால் அவர்கள் ஒன்பதரைக்கு வெந்துவிடுவார்கள்.

---

கணக்குப்பிள்ளை | 2 செப்டம்பர் 2021

மிக்க நன்றி. அப்படியானால் நாம் இங்கே வாதாடுவதற்குப் பதில் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். இழையைத் தொடங்கியவரே எழுதட்டும், நான் கையொப்பமிடுகிறேன்.

---

மேடவாக்கம்_மெதுவோட்டம் | 5 செப்டம்பர் 2021

நான் பதிவு செய்யப் போவதில்லை. காரணத்தை மட்டும் பதிந்து வைக்கிறேன், யாரையும் மாற்றுவதற்காக அல்ல. என் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். மே மாதத்தில் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் அவசர ஊர்திகள் வரிசை கட்டி நின்ற படங்களை நீங்கள் நாளிதழில் பார்த்திருப்பீர்கள். அந்த வாரங்களில் அவர் வீட்டுக்கு வந்து பேசியவற்றை நான் எழுதப் போவதில்லை. ஒரு பந்தயத்துக்கு எத்தனை அவசர ஊர்திகளும் எத்தனை மருத்துவப் பணியாளர்களும் தேவை என்பது மேலே எழுதிய தொண்டருக்குத் தெரியும். ஜனவரியில் நிலைமை எப்படி இருக்கும் என்று தெரியாத ஒரு நாளுக்காக அவர்களை இப்போதே கேட்டு வைப்பதில் என் மனம் ஒப்பவில்லை. தனியாக ஓடுகிறேன், அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

---

சிகாகோ_கனவு | 20 செப்டம்பர் 2021

உள்ளூர்ப் பந்தயத்துக்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள். வெளிநாட்டுப் பந்தயத்தில் என் நிலையைக் கேளுங்கள். அக்டோபர் 10இல் நடக்கும் சிகாகோ மாரத்தானில் எனக்கு இடம் இருக்கிறது. தடுப்பூசிச் சான்றோ, 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவோ இருந்தால் போதும் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மே 4 முதல் இந்தியாவிலிருந்து நேரே வருபவர்களுக்கு அமெரிக்கா கதவை மூடி வைத்திருக்கிறது. மூன்றாவது நாடு ஒன்றில் பதினான்கு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று முகவர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆகும் செலவில் இரண்டு சிகாகோ ஓடலாம். டோக்கியோவும் அக்டோபர் 17இலிருந்து அடுத்த ஆண்டு மார்ச் 6க்குத் தள்ளிவிட்டதாக மூன்று நாளைக்கு முன் அறிவித்தார்கள்.

எல்லை தாண்ட வேண்டிய பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போது நாம் நடத்துபவரின் முடிவை மட்டும் நம்பவில்லை. இரண்டு அரசுகள், ஒரு விமான நிறுவனம், ஒரு தடுப்பூசி அங்கீகாரம் என நான்கு முடிவுகளை நம்புகிறோம். இவற்றில் ஒன்று தவறினாலும் பயணம் இல்லை. உள்ளூர்ப் பந்தயத்தை வாய்ப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

---

அடையாறு_காலை | 27 செப்டம்பர் 2021

பந்தயம் நடத்துபவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. இந்த இழையில் பேசியவற்றைத் தொகுத்து நான்கு கோரிக்கைகளாக அனுப்பியிருந்தேன்.

தொற்று உறுதியானவர்களும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் பந்தயத்துக்கு முந்தைய வியாழன் இரவு வரை அறிக்கையை அனுப்பினால், கட்டணம் ஏதுமின்றி அடுத்த பந்தயத்துக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு, விதிமுறைப் பக்கத்திலும் சேர்த்துவிட்டார்கள். வெள்ளி, சனியில் தொற்று தெரியவந்தால் என்ன என்று திருப்பிக் கேட்டேன். ‘மின்னஞ்சல் அனுப்புங்கள், பரிசீலிப்போம்’ என்றார்கள். எழுத்தில் இல்லை. ஓட்ட எண்ணை அஞ்சலில் அனுப்பக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். ஐந்து நிமிட இடைவெளியில் அலைகளாகத் தொடங்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். மெய்நிகர் ஓட்டமா, அடுத்த முறைக்கு இடமா என்று ஓடுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஏற்கவில்லை. அரசு அனுமதி மறுத்தால் அப்போது முடிவு செய்வோம் என்கிறார்கள். சகோதரி இதைக் கவனிக்க வேண்டும்.

இதன் பேரில் நான் பதிவு செய்துவிட்டேன். தந்தையாரிடம் கேட்டேன், ‘நான் வீட்டில்தானே இருக்கிறேன், உன்னோடு ஓடவா போகிறேன்’ என்றார். இருந்தாலும் பந்தயம் முடிந்த பிறகு ஒரு வாரம் மாடி அறையில் தங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். குழுவோடு உணவகம் கிடையாது.

---

பொருநை_ஓட்டக்காரி | 28 செப்டம்பர் 2021

கவனித்தேன். அந்த ஒரு விதி மாறாதவரை காத்திருக்கிறேன். சலுகைக் கட்டணம் போனால் போகட்டும்.

---

சிகாகோ_கனவு | 16 அக்டோபர் 2021

தலைப்புக்கு அருகில் உள்ள செய்தி என்பதால் இங்கேயே எழுதுகிறேன். இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்களுக்கு நவம்பர் 8 முதல் அமெரிக்கா எல்லையைத் திறக்கிறது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். நியூயார்க் மாரத்தான் எந்த நாளில் என்று பாருங்கள்: நவம்பர் 7. ஐரோப்பாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அதற்குப் பதிவு செய்திருந்தவர்களின் நிலையை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் நண்பர் ஒருவர் கோவேக்சின் போட்டுக்கொண்டவர். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது இன்னும் சேராததால் அவருக்கு நவம்பர் 8உம் பயன்படாது.

---

நொய்யல்கரை | 11 நவம்பர் 2021

கோவேக்சினுக்கு 3ஆம் தேதி அங்கீகாரம் கிடைத்துவிட்டது. உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். சென்னையில் நீண்ட ஓட்டப் பயிற்சி எப்படிப் போகிறது? 7ஆம் தேதிப் பெருமழைக்குப் பிறகு ஓட்டத்தைவிட நீச்சல்தான் உதவும் போலிருக்கிறதே.

---

அடையாறு_காலை | 6 ஜனவரி 2022

செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்று முதல் இரவு ஊரடங்கு. 9ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு. பந்தய நாளே அதுதான். நடத்துபவர்களின் மின்னஞ்சல் இன்று மாலை வந்தது. மெய்நிகர் ஓட்டமாக மாற்றவில்லை. அனைவரின் பதிவும் அடுத்த தேதிக்கு மாற்றப்படும், தேதியைப் பின்னர் அறிவிப்பார்கள். சட்டைகள் ஏற்கெனவே தைத்தாகிவிட்டதால் அவற்றில் 2022 ஜனவரி என்றே இருக்குமாம்.

எங்கள் குழுவில் சிலர் வேறு மாவட்டத்துக்குக் காரில் சென்று சனிக்கிழமையே 21 கிலோமீட்டரை முடித்துவிடலாம் என்று திட்டமிடுகிறார்கள்.

---

வைகை_மருத்துவர் | 6 ஜனவரி 2022

அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். இந்த வாரம் என்னிடம் வருபவர்களில் பலருக்குத் தொண்டை வலியும் உடல் வலியும் மட்டுமே இருக்கின்றன. பரிசோதித்தால் தொற்று என்று வருகிறது. மூன்று மாதப் பயிற்சியின் உச்சத்தில் இருப்பவர் அதைத் தசை வலி என்று எண்ணிக்கொள்வது மிக எளிது. ஆகஸ்டில் எழுதிய 10 நாளும் 7 நாளும் இப்போதும் பொருந்தும், தனியாக ஓடினாலும் பொருந்தும். மூடிய காரில் நால்வராகப் போவதைப் பற்றி மீண்டும் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

---

பொருநை_ஓட்டக்காரி | 7 ஜனவரி 2022

அடுத்த தேதிக்குப் புதிதாகப் பதிவு திறப்பார்களா? அல்லது வர இயலாதவர்களின் இடத்தைப் பெயர் மாற்றி வாங்கிக்கொள்ள முடியுமா? இங்கே ஒருவர் தம் இடத்தைத் தரத் தயாராக இருக்கிறார்.

---

ஒருங்கிணைப்புத்_தொண்டர் | 7 ஜனவரி 2022

பெயர் மாற்றத்துக்குப் பொதுவாக அனுமதிப்பதில்லை, சகோதரி. ஓட்ட எண்ணின் பின்புறத்தில் இரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும் பதிவு செய்தவருடையதாகவே இருக்கும். வழியில் மயங்கி விழுந்தால் வேறு வீட்டுக்குத் தகவல் போகும். அவர் இடத்தைத் திருப்பித் தருவதாக எழுதட்டும். நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். எழுதும்போது தடுப்பூசிச் சான்றையும் சட்டை அளவையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள். இரண்டையும் தனியாகக் கேட்டு இன்னொரு வாரம் இழுப்பார்கள்.